முதல் வாடகை வீடு: வாங்கும் முன் ஒரு தாள், வாங்கிய பின் ஒரு நோட்டு

வீடு ஒன்றை வாங்கி வாடகைக்கு விடலாம் என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்த ஏரியாவில் வாங்கலாம் என்பதைத்தான். அதற்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்து உட்காருங்கள். வீட்டை நேரில் பார்த்துவிட்டால் மனசு அதில் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு போடும் கணக்கெல்லாம் "வாங்கிவிடலாம்" என்ற பக்கமே வந்து நிற்கும்.

படி 1: வீட்டைத் தாளிலேயே ஒரு வருடம் ஓட்டிப் பாருங்கள்

எந்த ஊர்ப் பணத்துக்கும் பொருந்தும்படி வீட்டின் விலையை 1,000 என்று வைத்துக்கொள்வோம். பதிவுச் செலவு, தரகு, ஆள் குடிவருவதற்கு முன் செய்யவேண்டிய பெயிண்ட், குழாய் வேலை எல்லாம் சேர்த்து 80. ஆக மொத்தம் 1,080. மாத வாடகை 6. விலையில் 700-ஐ 7 சதவீத வட்டிக்கு 20 வருடக் கடனாக வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 5.43.

"வாடகை 6, தவணை 5.43. வீடே தன் கடனை அடைத்துக்கொள்ளும்." புதிதாக இறங்குகிறவர்கள் சறுக்குவது இந்த ஒரு வரியில்தான்.

வருட வாடகை 72. ஆள் மாறும்போது வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் 66. பழுதுபார்க்க விலையில் 1 சதவீதம் ஒதுக்குங்கள், அது 10. சொத்து வரிக்கும் காப்பீட்டுக்கும் 8. பராமரிப்புக் கட்டணம், ஆள் பிடிக்கும் செலவு இவற்றுக்கு 4. கையில் நிற்பது 44. தவணையோ வருடத்துக்கு 65. மீதி 21 உங்கள் சம்பளத்திலிருந்து போகும். வருமான வரியை இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

1,080 போட்டு 44 வருகிறது என்றால் வீட்டின் உண்மையான வருமானம் 4 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். கடன் வட்டி 7. வீடு சம்பாதிப்பதைவிடக் கடன் தின்பது அதிகமாக இருக்கும்போது, கூடுதலாகக் கடன் வாங்க வாங்க இழப்புதான் கூடும். இதே வீட்டுக்கு 400 மட்டும் கடன் வாங்கினால் வருடத் தவணை 37. சுமார் 7 மிஞ்சும். அதற்குக் கையிலிருந்து 680 போடவேண்டும். அவ்வளவு பணத்தை இதில் முடக்கலாமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்யவேண்டும். ஆனால் கேள்வி என்ன என்பதாவது இப்போது தெளிவாகத் தெரிகிறது.

"அசல் குறைகிறதே, அது லாபம்தானே" என்பார்கள். குறைகிறதுதான், ஆனால் மெதுவாக. 700 கடனின் முதல் தவணை 5.43-இல் 4.08 வட்டிக்கே போய்விடும்.

மாத வாடகை விலையில் 1 சதவீதமாவது இருக்கவேண்டும் என்று ஒரு விதியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்க முதலீட்டாளர்களிடமிருந்து பரவிய குத்துமதிப்பு அது. பல ஊர்களில் அந்த விகிதத்தில் வீடே கிடைக்காது. வீடுகளைச் சட்டென்று ஒப்பிட்டுப் பார்க்க உதவும், முடிவெடுக்கப் போதாது. அதேபோல, வீட்டின் விலை பின்னால் ஏறும் என்ற நம்பிக்கையைத் தாளில் எழுதாதீர்கள். ஏறினால் மகிழ்ச்சி. மாதாமாதம் தவணை கட்ட அது உதவாது.

படி 2: கைக்காசு

ஆறு மாதத் தவணையும் செலவும் தனிக் கணக்கில் சேரும்வரை வாங்காதீர்கள். மோட்டார் எரிந்து போவதும் குடித்தனக்காரர் காலி செய்வதும் ஒரே மாதத்தில் நடக்கும்.

படி 3: வீட்டைக் குடியிருப்பவரின் கண்ணால் பாருங்கள்

நான் வாங்கிய முதல் வீட்டில் ஒரு படுக்கையறைச் சுவர் மட்டும் புதுப் பெயிண்ட் வாசனையோடு பளிச்சென்று இருந்தது. நன்றாகப் பராமரிக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன். குடித்தனம் வந்த மூன்றாம் மாதம் அந்தச் சுவரிலேயே பெயிண்ட் கொப்புளமாகக் கிளம்பி, விரல் பட்டால் மாவாக உதிர்ந்தது. பின்புறக் குளியலறைக் குழாயிலிருந்து ஓதம் ஏறிக்கொண்டிருந்தது. சுவரை உடைத்துக் குழாயை மாற்றியதில் நான்கு மாத வாடகை போனது. அந்தக் குடும்பமும் போய்விட்டது. அவர்களிடம் குழந்தை இருந்தது. போனதில் அவர்கள் தப்பே இல்லை.

அன்றிலிருந்து ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் அதன் பின்பக்கம் என்ன இருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன். மழை பெய்த மறுநாள் போவேன். சந்தேகம் இருந்தால் உரிமையாளரிடம் கேட்டு, அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடலாம். தாளின் உட்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அறைப் பக்கம் மட்டும் நனைந்திருந்தால் காற்றோட்டம் போதவில்லை.

தண்ணீர் மீட்டர் உள்ள வீடு என்றால் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு அளவைக் குறித்து ஒரு மணி நேரம் பொறுங்கள். முள் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. கழிப்பறைத் தொட்டியில் நாலு சொட்டு உணவு நிறமி விட்டு, ஃப்ளஷ் செய்யாமல் அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். கோப்பையில் நிறம் இறங்கியிருந்தால் வால்வு போய்விட்டது. மின் வயரிங்கை மட்டும் நீங்களாகப் பார்க்காமல் எலக்ட்ரீஷியனை அழைத்துப் போங்கள்.

இரவு எட்டு மணிக்கும் ஒருமுறை அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். குடியிருக்கப் போகிறவர் வேலை முடிந்து வீடு திரும்பும் நேரம் அது.

படி 4: பத்திரம்

விற்பவருக்கு உண்மையில் உரிமை உண்டா, சொத்தின்மேல் கடனோ வழக்கோ வேறு வில்லங்கமோ இருக்கிறதா, கட்டடத்துக்கு அனுமதி உண்டா, வாடகைக்கு விடத் தடை ஏதும் உண்டா. இந்த நான்கையும் நீங்களே தேர்ந்தெடுத்துக் காசு கொடுக்கும் வழக்கறிஞர் பார்க்கட்டும். தரகர் கைகாட்டும் வழக்கறிஞர் வேண்டாம்.

படி 5: ஆளைத் தேர்ந்தெடுப்பது

வாடகையைப்போல மூன்று மடங்கு வருமானம் இருக்கிறதா என்று பார்ப்பது பல நாடுகளில் வழக்கம், நல்ல அளவுகோல்தான். முன்பு குடியிருந்த வீட்டுக்காரரிடம் விசாரியுங்கள். இப்போதைய வீட்டுக்காரரைவிட அதற்கு முந்தையவர் பேச்சுக்கு மதிப்பு அதிகம், ஏனென்றால் இப்போது இருப்பவர் ஆளை அனுப்பிவிட்டால் போதும் என்ற நினைப்பில் புகழ்ந்து பேசலாம். உங்கள் நிபந்தனைகளை எழுதி வைத்து, வருகிற எல்லோரிடமும் அதையே கேளுங்கள். சாதி, மதம், ஊர் பார்த்து ஆளைத் தள்ளுவது தவறு. பல இடங்களில் சட்டப்படியும் குற்றம்.

படி 6: எழுத்தும் படமும்

வாய்ப்பேச்சு வேண்டாம். வாடகை எவ்வளவு, எந்தத் தேதிக்குள், முன்பணம் எவ்வளவு, காலி செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு, எந்தப் பழுது யார் பொறுப்பு என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். சாவி கொடுக்கும் நாளில் ஒவ்வொரு அறையையும், மீட்டர் அளவுகளையும், ஏற்கெனவே உள்ள கீறல் விரிசல்களையும் தேதியோடு படமெடுத்து ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். முன்பணம் உங்கள் பணம் இல்லை, திருப்பித் தரவேண்டியது. அதைத் தனிக் கணக்கில் போட்டுத் தொடாமல் வையுங்கள்.

சாவியைக் கொடுத்த பிறகு அது அவர்கள் வீடு. சொல்லாமல் போய்க் கதவைத் தட்டாதீர்கள்.

படி 7: நோட்டு

ஒரு நோட்டுப் போட்டு, வந்த வாடகை, செய்த செலவு, அவர்கள் என்றைக்குப் புகார் சொன்னார்கள், நீங்கள் என்றைக்குச் சரிசெய்தீர்கள் என்று தேதியோடு எழுதுங்கள். கடைசி இரண்டு தேதிகளுக்கும் இடைவெளி குறையக் குறைய ஆள் நிலைத்து இருப்பார்.

வாடகை ஏற்றும்போது இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள். 5 சதவீதம் ஏற்றியதால் ஒருவர் காலி செய்து, வீடு ஒரே ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால், அந்த ஏற்றத்தை 20 மாதம் வாங்கினால்தான் போனது ஈடாகும். புது ஆள் வருவதற்கு முன் அடிக்கும் பெயிண்ட் செலவு தனி. ஒழுங்காக வாடகை கொடுத்து வீட்டைத் தன் வீடாகப் பார்த்துக்கொள்கிறவருக்கு, சந்தை வாடகையைவிடக் கொஞ்சம் குறைத்தே விடலாம் என்பது என் கருத்து.

பன்னிரண்டு மாதம் முடிந்ததும் முதல் நாள் கணக்குப் போட்ட தாளை எடுத்து நோட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். பழுதுக்கு 10 போட்டீர்களே, எவ்வளவு ஆனது? வீடு எத்தனை நாள் காலியாக இருந்தது? இரண்டாவது வீட்டுக்கான தாளில் இந்த எண்களைத்தான் எழுதவேண்டும்.