சாயம் நீக்கும் கரி: தயாரிப்பிலும் சோதனையிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேங்காய்ச் சிரட்டையையோ கடலைத் தோலையோ சுட்டு எடுத்த வெறும் கரி சாயத்தை அதிகம் பிடிக்காது. அதில் நுண்துளைகள் குறைவு. இருப்பவற்றையும் தார் அடைத்திருக்கும். துளைகளைத் திறக்கத்தான் பாஸ்பாரிக் அமிலம்.

முதல் தவறு அளப்பதிலேயே நேர்கிறது. 85% அமிலம் கனமானது, 1 மி.லி. சுமார் 1.69 கிராம். சுடாத சிரட்டை அல்லது தோலின் 20 கிராம் உலர்ந்த தூளுக்குச் சம எடை தூய அமிலம் சேர்க்க 14 மி.லி. போதும். 20 மி.லி. ஊற்றினால் விகிதம் 1:1.4 ஆகிவிடும். கையுறை அணிந்து, நீரில் அமிலத்தை மெல்ல விட்டுக் கலக்குங்கள். தூளை அதில் ஓரிரவு ஊறவைத்து, 110 டிகிரி செல்சியஸில் உலர்த்துங்கள்.

பிறகு மூடிய மூசையில் (வெப்பம் தாங்கும் கிண்ணத்தில்) 450–500 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடேற்றுங்கள். புகைபோக்கி கட்டாயம். உலை ஆறுவதற்குள் மூடியைத் திறந்தால், காற்றுப் பட்டுக் கரி கனன்று சாம்பல் பூத்துவிடும்.

அதிகம் கெடுவது கழுவும்போதுதான். இரண்டு முறை அலசிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள்; துளைக்குள் அமிலம் தங்கிவிடுகிறது. சோதனைக்கு எடுக்கும் மெத்திலீன் நீலம் நேர்மின் சாயம் என்பதால், அமில நீரில் ஹைட்ரஜன் அயனிகள் அதோடு இடத்துக்குப் போட்டியிடும். கரி நன்றாக இருந்தும் முடிவு மோசமாக வரும். மற்றொரு சோதனைச் சாயமான மெத்தில் ஆரஞ்சோ அமிலத்தில் சிவந்துவிடும். நிறமே மாறியபின் 464 நானோமீட்டர் ஒளியில் எடுக்கும் நிற அளவீட்டை நம்ப முடியாது. கழுவிய நீரின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) 6–7 வரும்வரை வெந்நீரில் கழுவுங்கள். உறுதிப்படுத்த, 1 கிராம் கரியை 100 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் ஒரு மணி நேரம் குலுக்கி, மறுபடி பிஎச் பாருங்கள்.

சாயமில்லாத நீரில் கரி மட்டும், கரியில்லாமல் சாயக் கரைசல் மட்டும் என இரண்டு ஒப்பீட்டுக் குடுவைகளை வைக்கத் தவறாதீர்கள். கரியைப் பிரிக்க வடிகட்டினால், வடிதாளே மெத்திலீன் நீலத்தைப் பிடித்துக்கொள்ளும். அதைக் கரியின் கணக்கில் எழுதிவிடுவோம். மையவிலக்கியில் சுழற்றித் தெளிநீரை எடுப்பது நல்லது.

‘99% நீங்கியது’ என்று மட்டும் எழுதுவதும் தவறு. லிட்டருக்கு 50 மி.கி. சாயமுள்ள 100 மி.லி. கரைசலில் 1 கிராம் கரி போட்டு 99% நீக்கினால், கிராமுக்கு 4.95 மி.கி.தான். 0.1 கிராம் போட்டு 90% நீக்கினாலே கிராமுக்கு 45 மி.கி. ஆகும். எனவே சதவீதத்தோடு கரியின் எடை, கரைசலின் அளவு, தொடக்கச் செறிவு, பிஎச், குலுக்கிய நேரம் எல்லாவற்றையும் குறித்துவையுங்கள்.