நிதித்துறையை நோக்கிப் பொருளியல் படிப்போர் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

முதலீட்டு ஆய்வு, இடர் மதிப்பீடு போன்ற பணிகளை மனத்தில் வைத்துப் பொருளியல் படிக்க விரும்புவோர், பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்ப்பதற்கு முன் அதன் பாடத்திட்டத்தைப் பதிவிறக்கி, கணிதமும் புள்ளியியலும் எத்தனை பருவங்களில் வருகின்றன என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. பொருளாதாரத் தரவுகளைப் புள்ளியியல் முறைகளால் ஆராயும் பொருளாதார அளவியல் ஒரே ஒரு விருப்பப் பாடமாக மட்டும் இருந்தாலோ, ஆர், பைத்தான், ஸ்டேட்டா போன்ற மென்பொருள்களில் செய்முறைப் பயிற்சி இல்லாவிட்டாலோ, அந்தப் படிப்பு நிதித்துறைக்குப் போதாது என்பது என் கருத்து.

இதற்கான முடிவு, கணிதத்தைப் பாடமாக எடுப்பதா என்று தீர்மானிக்கும் பதினொன்றாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் ஆனர்ஸ் படிப்புக்கு, பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான க்யூட்டில் கணிதமும் எழுதியிருக்க வேண்டும் என்பதைப் பலர் காலம் கடந்தே அறிகிறார்கள். முதுகலையில் சேர எண்ணுவோர், சென்னைக் கோட்டூரில் உள்ள மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் நிதிப் பொருளியலைத் தனிப் பிரிவாகவே கற்பிப்பதைக் கவனிக்கலாம்.

வேலைவாய்ப்பு அறிக்கையில் கொட்டை எழுத்தில் அச்சிடப்படும் உச்சபட்சச் சம்பளம் ஒரே ஒரு மாணவருடையதாக இருக்கக்கூடும். ஆகவே இடைநிலைச் சம்பளத்தையும் (எல்லாச் சம்பளங்களையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது), எத்தனை பேர் ஆய்வாளர்களாகவும் எத்தனை பேர் விற்பனைப் பிரிவிலும் சேர்ந்தார்கள் என்பதையும் கேட்டறிய வேண்டும். அறிக்கை அதைச் சொல்லாவிட்டால், சென்ற ஆண்டு படிப்பை முடித்த இரண்டு மூன்று பேரிடம் நேரடியாகப் பேசிவிடுங்கள்.