முட்டி மாற்றிய பிறகு கப்சாய் மோட்டார், கோயில் படி, கீரைப் பாத்தி

முட்டி மாற்று அறுவை முடிந்து வீட்டுக்கு வந்தவர் முதலில் கேட்பது, "எத்தனை மாசத்துல பழையபடி ஆகலாம்?" என்பதுதான். மாதக் கணக்கு ஒரு தோராயம். அறுவைக்கு முன் முட்டி எவ்வளவு மடங்கியது, தொடைச் சதை எவ்வளவு பலமாக இருந்தது, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா என்பதையெல்லாம் பொறுத்து அது ஆளுக்கு ஆள் மாறும். அதைவிடப் பயனுள்ள கேள்விகள் மூன்று உண்டு. நீங்கள் செய்ய நினைக்கும் காரியத்துக்கு முட்டி எவ்வளவு மடங்க வேண்டும்? எவ்வளவு பாரம் தாங்க வேண்டும்? கால் தவறினால் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது?

மடக்கத்துக்கு ஓரளவு கணக்கு இருக்கிறது. சமதரையில் நடக்க 65 முதல் 70 டிகிரி போதும். படி ஏற 85, 90. சாதாரண நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ 90, 95. சைக்கிள் மிதியை முழுச் சுற்று சுற்ற 105, 110. குந்தி உட்கார 130-க்கு மேல். அறுவைக்குப் பிறகு பலருக்கு 110 முதல் 120 வரை வரும். ஆகவே நடை, படி, மோட்டார் எல்லாம் கைக்கெட்டும். குந்துவது எல்லாருக்கும் திரும்ப வராது. இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் வீட்டில் என்ன மாற்ற வேண்டும் என்று யோசிக்க நேரம் கிடைக்கும்.

வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். சுவரோரம் நகராத நாற்காலி ஒன்றில் பின்னால் சாய்ந்து உட்காருங்கள். தொடை தரைக்கு மட்டமாக இருக்க, கணுக்கால் நேரே முட்டிக்குக் கீழே இருந்தால் அது 90 டிகிரி. குதிகாலை அதற்கும் பின்னால் இழுக்க முடிந்தால் 90-ஐத் தாண்டிவிட்டீர்கள். வாரம் ஒருமுறை, அதே நாற்காலியில், பக்கவாட்டிலிருந்து கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பயிற்சி கொடுக்கும் பிசியோவிடம் "கொஞ்சம் மடங்குது" என்று சொல்வதைவிட அந்தப் படம் அதிகம் சொல்லும். ஆறு வாரம் ஆகியும் 90 வரவில்லை என்றால் அடுத்த தேதிவரை காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். உள்ளே தழும்பு இறுகுவதற்கு முன், மயக்க மருந்து கொடுத்து மடக்கிவிட வழி இருக்கிறது. தள்ளிப்போட்டால் அந்த வழி குறுகிக்கொண்டே போகும்.

எல்லாரும் மடக்கத்தையே பேசுவார்கள். முதல் ஆறு வாரத்தில் அதைவிட முக்கியம் நீட்டம். முட்டி முழுக்க நேராகாவிட்டால் நிற்கும்போதுகூடத் தொடைச் சதை ஓயாமல் உழைக்கும். நொண்டல் நிலைத்துவிடும், பிறகு இடுப்பும் நோகும். இதைக் கெடுப்பது பெரும்பாலும் வீட்டாரின் பாசம்தான். படுத்திருப்பவருக்கு வலிக்கிறதே என்று முட்டிக்கு அடியில் தலையணை வைத்துவிடுவார்கள். சுகமாக இருக்கும், ஆனால் முட்டி அந்த வளைவிலேயே இறுகத் தொடங்கும். தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள், முட்டிக்கு அடியில் காற்றுதான் இருக்க வேண்டும். தொடையை இறுக்கி முட்டியைக் கீழே அழுத்தி, ஐந்து எண்ணி விடுங்கள். ஒரு தடவைக்குப் பத்து, நாளைக்கு மூன்று நான்கு தடவை.

இனி வீக்கம். ஒரு தையல் டேப் வாங்கி, தினமும் காலையில் எழுந்ததும் முட்டிச் சில்லின் நடுவில் சுற்றி அளந்து காலண்டரில் குறியுங்கள். நேற்று ஏதோ புதிதாகச் செய்தீர்கள், இன்று காலை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கூடியிருக்கிறது என்றால், அந்தக் காரியம் தவறு என்று அர்த்தமில்லை, அளவு அதிகம் என்று அர்த்தம். ஒரு நாள் ஓய்வு, துணியில் சுற்றிய ஐஸ் 15 முதல் 20 நிமிடம், பிறகு பாதி அளவில் மறுபடி. செய்யும்போது வலிக்காமல் இருந்ததை நம்பாதீர்கள். பசார் மாலாம் இரவுச் சந்தையில் பேச்சு சுவாரஸ்யத்தில் இரண்டு சுற்று சுற்றிய முட்டி, கணக்கை மறுநாள் காலைதான் காட்டும். முட்டி சூடாக இருப்பதும், மாலையில் சற்று வீங்குவதும், உள்ளே 'டக்' என்று சத்தம் கேட்பதும், தழும்புக்கு வெளிப்பக்கம் மரத்திருப்பதும் பல மாதம் இருக்கக்கூடியவை. பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியவை வேறு. கெண்டைச்சதை இறுகி வலித்து வீங்குவது, காய்ச்சல், காயத்திலிருந்து நீர் அல்லது சீழ், குறையாமல் பரவும் சிவப்பு. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனை. திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் அவசர எண் 999. கெண்டைச்சதை வலிக்கு உருட் போட்டு உருவிவிடுகிறவரை வீட்டுக்கு அழைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. உள்ளே இரத்தம் கட்டியிருந்தால் அந்த உருவல் கட்டியை நுரையீரலுக்குத் தள்ளிவிடலாம். காயம் முழுக்க மூடும்வரை மஞ்சள், நல்லெண்ணெய், கோடாலித் தைலம் எதுவும் அதன்மேல் வேண்டாம். ஆற்றில் குளிப்பதும் அதுவரை கூடாது. எலிச்சிறுநீர்க் காய்ச்சல் உள்ள ஊர் நம்முடையது.

கப்சாய், கார்

தோட்டப் பட்டணத்தில் மோட்டார் இல்லாவிட்டால் கடைக்கும் போக முடியாது, கிளினிக்குக்கும் போக முடியாது. அதனால் பலர் அவசரப்படுவது இதில்தான். கார் என்றால் வலது முட்டி மாற்றியவருக்கு நான்கு முதல் ஆறு வாரம். இடது முட்டி மாற்றி ஆட்டோ கியர் கார் ஓட்டுபவர் அதற்கும் முன்பே ஓட்டலாம். மேனுவல் என்றால் கிளட்ச் மிதிக்க வேண்டும், அவரும் ஆறு வாரம் பொறுக்க வேண்டியதுதான். தூக்கம் வரவைக்கும் வலி மாத்திரை சாப்பிடும் நாட்களில் யாருமே ஓட்டக் கூடாது. எஞ்சினை அணைத்துவிட்டு, வலது காலைத் தூக்கி பிரேக்கில் சட்டென்று ஓங்கி மிதித்துப் பாருங்கள். வலி பயந்து கால் தயங்கினால் இன்னும் நாள் ஆகவில்லை. மருத்துவர் சரி என்ற பிறகே சாலைக்கு.

கப்சாய்க்கு, அதாவது சின்ன மோட்டார் சைக்கிளுக்கு, இன்னும் கூடுதலாக, எட்டு முதல் பன்னிரண்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுவது கஷ்டமில்லை. ஏறுவதும், நிறுத்தும்போது கால் ஊன்றுவதும்தான் கஷ்டம். இடப்பக்கம் நின்று வலது காலைத் தூக்கிப் போடுவோம். இடது முட்டி மாற்றியவருக்கு அந்த ஒரு நொடி முழு உடம்பும் புது முட்டியில் நிற்கும், அதோடு உடம்பு அதன்மேல் முறுக்கித் திரும்பும். இருக்கைக்கு முன்னால் உள்ள பள்ளத்தின் வழியாகக் காலை நுழைத்து ஏறுங்கள், பின்னால் வீசி ஏறாதீர்கள். வலது முட்டி என்றால் உதைத்து ஸ்டார்ட் செய்வதை மறந்துவிடுங்கள், பட்டன் ஸ்டார்ட்டுக்கு நல்ல பேட்டரி போடுங்கள். நடு ஸ்டாண்டும் வேண்டாம், பக்க ஸ்டாண்டு போதும். நிறுத்தும்போது நல்ல காலை ஊன்றப் பழகுங்கள். வலது கால்தான் நல்ல கால் என்றால் கடைசி நொடியில் பின்பிரேக்கிலிருந்து கால் வந்துவிடும், ஆகவே கை பிரேக்கைப் பிடித்தே நிற்க வேண்டும். இதை வீட்டு முன் சிமெண்டுத் தரையில் பழகிவிட்டு, பிறகு தார்ச்சாலை. மழை பெய்த செம்மண் பாதையும் செம்பனைக் காட்டு வழியும் கடைசி. பின்னால் ஆள், முன்னால் கேஸ் தோம்பு (சிலிண்டர்) என்று ஏற்றுவது ஆறு மாதத்துக்கு வேண்டாம்.

தரையில் உட்கார்ந்து எழுவது

பஜனை, வீட்டுப் பூசை, பேரப்பிள்ளை எல்லாம் தரையில்தான். மூன்று மாதத்துக்கு முன் முயல வேண்டாம். முதல் தடவை பிசியோ பக்கத்தில் இருக்கட்டும். பிளாஸ்டிக் நாற்காலி உதவாது, கை வைத்து அழுத்தினால் சறுக்கும். கனமான மர நாற்காலியைச் சுவரில் முட்டி நிறுத்துங்கள். கீழே தடிமனான மெத்தை.

1. நாற்காலியைப் பார்த்து நின்று, இரு கையையும் இருக்கையில் ஊன்றுங்கள்.
2. நல்ல காலை முன்னால் வைத்து, மாற்றிய காலைப் பின்னுக்குத் தள்ளுங்கள். பாரம் கைகளிலும் நல்ல காலிலும் இருக்கட்டும்.
3. மெல்லத் தாழ்ந்து, மாற்றிய முட்டியை மெத்தையில் வையுங்கள். கூசும், மரத்த இடத்தில் விநோதமாக இருக்கும். காயம் ஆறிய பிறகு முட்டி போடுவதால் செயற்கை மூட்டு கெடாது, ஆனால் குத்துவது போல் வலித்தால் நிறுத்துங்கள்.
4. இன்னொரு முட்டியையும் இறக்கி, நல்ல கால் பக்கத்து இடுப்பில் சரிந்து உட்காருங்கள். மாற்றிய காலை முன்னால் நீட்டிக்கொள்ளுங்கள்.
5. எழ, நல்ல பக்கம் திரும்பி நான்கு காலில் நின்று, நாற்காலியைப் பிடித்து, நல்ல பாதத்தை முன்னால் ஊன்றி, கையாலும் அந்தக் காலாலும் எழும்புங்கள்.

இரண்டு முட்டியும் மாற்றியவருக்கு இது சரிவராது. கட்டில், முக்காலி, மனை என்று உயரத்தைப் படிப்படியாகக் குறைத்து இறங்குவதே அவருக்கு வழி. சம்மணம் போடுவது மடக்கத்தோடு முறுக்கும் சேர்ந்தது. தானாக வந்தால் சரி, முட்டியைக் கையால் அமுக்கிப் போடாதீர்கள். கோயில் அன்னதானத்தில் ஒரு மேசை நாற்காலி கேட்டு வாங்கிக்கொள்வதில் ஒரு குறையும் இல்லை, இன்று பாதிப் பந்தி அப்படித்தான் நடக்கிறது.

பழைய லயத்து வீடுகளில் குந்து கழிவறைதான். அறுவைக்கு முன்பே அதன்மேல் வைக்கும் நடுவில் ஓட்டையுள்ள நாற்காலியும், சுவரில் திருகிய கைப்பிடியும் தயாராக இருக்க வேண்டும். ஆணியில் அடித்த கைப்பிடி ஆள் பாரம் தாங்காது.

படியும் மலையும்

ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது மாற்றிய கால் முன்னே. கைத்தடி மாற்றிய காலோடு சேர்ந்து போகும். சமதரையில் கைத்தடி எதிர்ப்பக்கக் கையில் இருக்க வேண்டும், பாதிப்பேர் தவறான பக்கத்தில்தான் பிடிக்கிறார்கள். கைப்பிடி தொடாமல் கால் மாற்றி மாற்றி ஒரு மாடி ஏறி இறங்க முடிந்த பிறகே மலைக்கோயில் யோசனை.

பத்துமலைக்கு 272 படி. ஏறுவது மூச்சின் வேலை, இறங்குவதுதான் முட்டியின் வேலை, தொடைச் சதை பலமில்லாமல் ஏறிவிட்டு மேலே மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. ஆறு மாதம் பொறுத்து, கூட்டமில்லாத வார நாளில், விடியற்காலையில், கைப்பிடியோரம் ஏறுங்கள். பாதியில் திரும்பினாலும் முருகன் கோபிக்க மாட்டார். தைப்பூசத்தன்று முதல் வருடம் வேண்டாம். நெரிசலில் பின்னால் இருப்பவரின் வேகம்தான் உங்கள் வேகம். பால்குடம் எடுத்தால் இரண்டு கையும் போய்விடும், கைப்பிடி பிடிக்கக் கை இருக்காது. பால்குட நேர்த்தியை உள்ளூர்க் கோயிலில் சமதரையில் செலுத்தலாம். தீமிதியும் வேண்டாம், பாதத்தில் ஒரு கொப்புளம் சீழ் பிடித்தால் கிருமி இரத்தத்தில் ஏறி மூட்டுக்கே போகலாம்.

தோட்ட வேலை, விளையாட்டு

அதே காரணத்துக்காகத்தான் செம்பனை முள்ளை அலட்சியம் செய்யக் கூடாது. முள் குத்தினால் அன்றே எடுத்துக் கழுவி, சிவந்தால் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெசரிடமோ கிளினிக்கிலோ காட்டுங்கள், மாற்று மூட்டு இருப்பதையும் சொல்லுங்கள். பல் பிடுங்கப் போனாலும் சொல்லுங்கள். பூட்ஸ் போடத்தான் வேண்டும், ஆனால் ஈரமான ரப்பர் பூட்ஸை நின்றபடி உதறிக் கழற்றும்போது முட்டி முறுக்கிக்கொள்ளும். உட்கார்ந்து, இன்னொருவர் இழுக்கட்டும், அல்லது ஒரு எண் பெரிதாக வாங்குங்கள்.

கீரைப் பாத்தியை இடுப்புக்கு உயர்த்துவது நல்லது. பழைய பலகையைச் சிமெண்டுக் கற்கள்மேல் 70, 75 சென்டிமீட்டர் உயரத்தில் போட்டு, உரச் சாக்கை பாதியாக மடித்து மண் நிரப்பி வரிசையாக வையுங்கள். தண்ணீர் வடிய அடியில் ஓட்டை போட மறந்தால் கீரை வேர் அழுகும். தண்ணீரை ஒரே பெரிய வாளியில் தூக்காமல், இரு கையிலும் சின்னத் தோம்பாகப் பிரித்துத் தூக்குங்கள். சங்கோல் (மண்வெட்டி) பிடித்துக் கொத்துவது நான்கு மாதத்துக்குப் பிறகு. அப்போதும் திரும்ப வேண்டுமானால் பாதத்தை எடுத்துவைத்துத் திரும்புங்கள், ஊன்றிய காலில் முறுக்காதீர்கள்.

தூண்டில் போடப் போகிறவர் உயரமான மடக்கு நாற்காலி கொண்டுபோகட்டும், கரை வழுக்காத இடமாகப் பார்க்கட்டும். உருமி அடிப்பவர் மூன்று மாதத்தில் உட்கார்ந்து அடிக்கலாம், நின்று ஆடி அடிப்பதை ஆறு மாதத்துக்குத் தள்ளிவைக்கலாம், குதிப்பதை அடியோடு விடலாம். பேட்மிண்டன் முன்பே நன்றாக ஆடியவராக இருந்தால் இரட்டையர் ஆட்டம் ஆடலாம். திடலில் பந்து, காலால் உதைத்தாடும் தக்ரோ இரண்டும் வேண்டாம். மூட்டுக்குள் உலோகத்துக்கு நடுவே இருப்பது ஒரு பிளாஸ்டிக் தட்டு, ஓட்டமும் குதியும் அதைத் தேய்க்கும். பார்த்து நடந்தால் பத்தில் எட்டு மூட்டு 25 வருடம் தாண்டியும் ஓடுகிறது.

செம்பனைக் குலை வெட்டுவதும் தூக்குவதும் இந்த முட்டிக்கு ஏற்ற வேலை அல்ல, ஒரு குலையே 20 கிலோவுக்கு மேல் போகும். வேலைக்குத் திரும்பும் முன் மருத்துவரிடம், எதைத் தூக்கக் கூடாது, எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல்லாகப் போனால் வேலையை மேற்பார்க்கும் மண்டோருக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம். பெர்கேசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) சந்தா கட்டியவர்கள் அதன் வேலைக்குத் திரும்பும் திட்டத்தில் தங்களுக்கு இடம் உண்டா என்று அலுவலகத்தில் கேட்டுவையுங்கள்.

தமிழ்நாட்டுக் கோயில் பயணம் மூன்று மாதத்துக்குப் பிறகு. சென்னைக்கு நான்கு மணி நேரம் பறக்க வேண்டும். நடைவழியோர இருக்கையை, மாற்றிய கால் நடைவழிப் பக்கம் வரும்படி கேளுங்கள், மணிக்கொருமுறை எழுந்து நடங்கள். விமான நிலையச் சோதனையில் மூட்டு சத்தம் போடும், முன்கூட்டியே சொல்லிவிட்டால் கையால் சோதித்து அனுப்புவார்கள். பழநியில் படி ஏறாமல் மலைக்குப் போக விஞ்சும் (இழுவை ரயில்) ரோப் காரும் உண்டு.