கமெலான் குழுவுக்குச் சொல்லித்தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலித் தீவின் தாள வாத்தியக் குழு இசையான கமெலானை மாணவர்களுக்குச் சொல்லித்தரும்போது முதல் நாளே சுரங்களை எண்களாக எழுதி ஆளுக்கொரு தாள் கொடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பாலியில் ஆசிரியர் வாத்தியத்துக்கு மறுபக்கம், மாணவருக்கு எதிரே உட்கார்ந்து வாசிப்பார், மாணவர் அவர் சுத்தியல் போகும் வழியைப் பார்த்துப் பின்தொடர்வார். தாளில் பதிந்த கண் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்காது, இந்த இசையில் அது பெரிய நஷ்டம்.

ஏனென்றால் கோத்தேக்கான் என்ற பின்னல் வாசிப்பில் வேகமான ஒரே ஓட்டத்தை போலோஸ், சங்சி என்று இரண்டாகப் பிரித்து வாசிக்கிறார்கள், ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் நிரப்புகிறார். அவரவர் பகுதியை மட்டும் வீட்டில் பழகி வந்தால் சேரும்போது கண்டிப்பாக இடறும். அடிக்கடி இடம் மாற்றி உட்கார வையுங்கள், இருவருக்கும் இரண்டு பகுதியும் தெரியட்டும்.

இடது கையைப் பலர் மறந்தே போகிறார்கள். கங்சா என்ற வாத்தியத்தின் வெண்கலப் பட்டையைத் தட்டினால் நாதம் நீண்டு நிற்கும். அதனால் வலது கை அடுத்த பட்டையைத் தட்டும் அதே கணத்தில், இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முந்தைய பட்டையின் நுனியைப் பிடித்து நாதத்தை அடக்க வேண்டும். முந்தினால் சுரம் அறுந்துபோகும், பிந்தினால் எல்லாம் கலந்து இரைச்சலாகிவிடும். இது கைவராமல் வேகத்தை ஏற்றினால் அப்புறம் திருத்துவது ரொம்பக் கஷ்டம். கெபியார் என்ற பாணியின் மின்னல் வேகத்தில் மயங்கி அதையே முதல் பாடமாக எடுக்காமல், எட்டு அடிச் சுற்றான கிலாக்கில் தொடங்கலாம்.

சுருதிப் பெட்டியை வைத்துப் பார்த்துவிட்டு, ஜோடி வாத்தியங்கள் சுருதி சேரவில்லை என்று சரிசெய்யக் கிளம்பாதீர்கள். ஜோடியில் பெங்கும்பாங் என்ற வாத்தியம் சற்றுத் தாழ்ந்தும் பெங்கிசெப் என்ற மற்றது சற்று உயர்ந்தும் இருப்பது வேண்டுமென்றே செய்தது, இரண்டும் சேர்ந்தால்தான் நாதம் அலையலையாக அதிரும். ஒவ்வொரு தொகுதிக்கும் தனிச் சுருதி என்பதால் வேறு தொகுதியிலிருந்து வாத்தியத்தை இரவல் வாங்கிச் சேர்ப்பதும் சரிவராது.

நாட்டியத்துக்கு வாசிக்கப் போகிறீர்கள் என்றால் பதிவைக் கேட்டு மட்டும் ஒத்திகை பார்க்காதீர்கள். பாரிஸ் என்ற போர்வீரர் நடனம் ஆடுபவர் எந்தச் சுற்றில் அங்செல், அதாவது திடீர் நிறுத்தமோ திருப்பமோ, எடுப்பார் என்பது அவர் உடலில்தான் தெரியும், கெண்டாங் என்ற மத்தளத்தை வாசிப்பவர் அதைப் பிடித்து மற்றவர்களுக்குக் கடத்த வேண்டும். ஆகவே ஆடுபவர் ஆரம்ப ஒத்திகைகளிலிருந்தே கூட இருக்கட்டும்.

இன்னொன்று, வாத்தியங்களைத் தாண்டிக் காலை வைக்கக்கூடாது, எவ்வளவு நெருக்கடியான மேடையாக இருந்தாலும் சுற்றித்தான் போக வேண்டும். இதைச் சுத்தியலைக் கையில் கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.