இரண்டு கார்டை அடுக்கினால் இரண்டு கீ ஆகிவிடாது

கீபோர்டில் இடது கையில் சி மேஜர் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்), வலது கையில் டி மேஜர். சேர்த்து அழுத்திக் காட்டி, "இதுதான் பாலிடோனாலிட்டி, அதாவது ஒரே நேரத்தில் இரண்டு கீ (ஒரு சுரத்தை மையமாக வைத்த சுரக் குடும்பம்)" என்று பல வருடம் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒரு பெண், "மிஸ், எனக்கு ஒரே கார்டுதானே கேட்குது?" என்றாள். அவள் காதுதான் சரி. சி, ஈ, ஜி-க்கு மேல் வரும் டி, எஃப் ஷார்ப், ஏ மூன்றும் சி-யை ஒன்று என்று வைத்து மேலே எண்ணினால் வரும் 9, ஷார்ப் 11, 13. ஜாஸ் வாசிப்பவர்களுக்கு அது பழகிப்போன ஒற்றைக் கார்டு.

இப்படி இரண்டு கார்டை அடுக்கும் பாலிகார்டு ஒரு கணத்து அடுக்கு. பாலிடோனாலிட்டிக்கு நேரம் வேண்டும்: இரண்டு கையும் தனித்தனி கீயில் சில பார்களாவது (தாளக் கட்டம்) நடந்து, தத்தம் டானிக்கில், அதாவது மையச் சுரத்தில், போய் உட்கார வேண்டும். அதனால் இப்போது கார்டில் ஆரம்பிப்பதே இல்லை. ஆளுக்கு நாலு பார் மெட்டு. ஒருவருக்கு சி மேஜர், இன்னொருவருக்கு ஈ ஃபிளாட் மேஜர். முதலில் தனித்தனியாக, அப்புறம் சேர்த்து. கீபோர்டை இரண்டு ஒலியாகப் பிரிக்கும் ஸ்பிளிட் போட்டு, கீழே ஸ்டிரிங்ஸ், மேலே புல்லாங்குழல் வைத்தால் காது தானாகப் பிரித்துக்கொள்ளும். இரண்டையும் நடு சி-க்குக் கீழே நெருக்கினால் கூழ்தான்.

எழுதும் முறையிலும் ஒரு குழப்பம். சாய்கோடு போட்டு டி/சி என்றால், டி ட்ரையடுக்கு (மூன்று சுரக் கார்டு) கீழே பேஸில் சி மட்டும். நடுவே படுக்கைக் கோடு போட்டு மேலே டி, கீழே சி என்று எழுதினால்தான் இரண்டு முழு ட்ரையட். போர்டில் அவசரத்தில் சாய்கோடு இழுத்துவிட்டு, பிள்ளைகள் நாலு சுரம் வாசித்தால் திட்டக் கூடாது.

உதாரணத்துக்கு எல்லோரும் எடுப்பது ஸ்ட்ராவின்ஸ்கியின் 'பெத்ருஷ்கா' பாலே (1911). சி மேஜரும் எஃப் ஷார்ப் மேஜரும் ஒரே நேரத்தில். பொதுச் சுரம் ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் அதை இரண்டு கீக்குச் சான்றாகக் காட்டினால் வம்பு. வாசிப்பது இரண்டுமே கிளாரினெட், ஒலியை வைத்துக் காது பிரிக்க முடியாது. அந்த ஆறு சுரமும், அரை, முழு இடைவெளி மாறி மாறி வரும் ஒரே ஆக்டடோனிக் ஸ்கேலுக்குள் அடங்கிவிடும். இரண்டு பக்கத்து வாதத்தையும் சொல்லி, எப்படிக் கேட்கிறது என்று வகுப்பையே கேட்பேன்.

கீ சிக்னேச்சரை (வரியின் தொடக்கத்தில் கீயைக் காட்டப் போடும் ஷார்ப், ஃபிளாட் குறிகள்) அப்படியே நம்புவதும் ஆபத்து. இசையமைப்பாளர் பார்டோக் 1908-ல் எழுதிய 14 பாகடெல்களில் (சின்னப் பியானோ துண்டுகள்) முதலாவதில் மேலே நாலு ஷார்ப், கீழே நாலு ஃபிளாட். சி ஷார்ப் மைனரும் எஃப் மைனரும் என்று நானும் நோட்ஸ் கொடுத்திருக்கிறேன். பார்டோக்கோ அது வெறும் ஃபிரிஜியன் (ஒரு பழைய ஸ்கேல்) சாயல் கொண்ட சி மேஜர்தான் என்று பின்னாளில் சொல்லிவிட்டார்.