அந்தமான்: முதலில் கப்பல் டிக்கெட், பிறகுதான் ரூம்

அந்தமானில் செலவை ஏற்றுவது சாப்பாடோ தங்குமிடமோ அல்ல. விமானமும், தீவு விட்டுத் தீவு போகும் கப்பலும்தான். சென்னையிலிருந்து விமானத்தில் சுமார் இரண்டு மணி நேரம். கப்பலும் உண்டு: கிட்டத்தட்ட 1,200 கி.மீ., மூன்று நாள். மாதத்துக்குச் சில தடவைதான் கிளம்பும் என்பதால், ஒரு வார லீவில் போகிறவர்களுக்கு அது ஒத்துவராது.

போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) ஹேவ்லாக், நீல் தீவுகளுக்கு அரசுக் கப்பலும் தனியார் கப்பலும் ஓடுகின்றன. தனியார் கப்பல் ஹேவ்லாக்குக்கு ஒன்றரை மணி நேரம். அரசுக் கப்பலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் கூடும், ஆனால் கட்டணம் நன்றாகவே குறைவு. மேல்தளத்தில் நின்று கடல்காற்று வாங்கியபடியே போகலாம் என்பதால் எங்கள் ஓட்டு அரசுக் கப்பலுக்கே. இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். முன்பதிவு திறந்ததுமே எடுத்துவிடுங்கள். அசல் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். வாந்தி வரும் உடம்பென்றால் ஏறுவதற்கு அரைமணி முன்பே மாத்திரை போடுங்கள். அலை ஆட்டத் தொடங்கியபின் போட்டால் வயிற்றில் தங்காது.

போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல், மறுபடி போர்ட் பிளேர் என்று வட்டமாகப் போனால் ஒரு டிக்கெட் மிச்சம். ஊர் திரும்புவதற்கு முந்தைய இரவு கட்டாயம் போர்ட் பிளேரில் தங்குங்கள். கடல் கொந்தளித்தால் கப்பலை நிறுத்திவிடுவார்கள். அன்று நீலில் மாட்டிக்கொண்டால் விமான டிக்கெட் காசு போச்சு. மே முதல் செப்டம்பர் வரை மழைக்காலம், இந்த ஆபத்து அப்போது அதிகம்.

ஹேவ்லாக்கில் ஜெட்டியிலிருந்து ராதாநகர் கடற்கரைக்கு பஸ் உண்டு. டிசம்பரில் ஐந்து மணிக்கே சூரியன் விழுந்துவிடும். திரும்பும் கடைசி பஸ் எப்போது என்று இறங்கும்போதே டிரைவரிடம் கேட்டு வையுங்கள்.

நீலுக்கு வாடகை சைக்கிளே போதும். லட்சுமண்பூர் பக்கத்து இயற்கைப் பாலத்துக்குக் கடல் வற்றும் நேரம் பார்த்துப் போக வேண்டும். வற்றியதும் பாறைக் குழிகளில் தேங்கும் தண்ணீரில் குட்டி மீன்களும் கடல் அட்டைகளும் தெளிவாகத் தெரியும். வெறுங்காலோடு போகாதீர்கள், பவளப்பாறை பிளேடு மாதிரி கிழிக்கும். பிடிமானமுள்ள ரப்பர் செருப்பு போதும். அங்கே கிடக்கும் சிப்பியையோ பவளத்துண்டையோ பையில் போடாதீர்கள். அது சட்டப்படி குற்றம், விமான நிலையச் சோதனையிலும் பிடித்துவிடுவார்கள்.

போர்ட் பிளேரில் செல்லுலார் சிறை எந்த நாளில் மூடியிருக்கும் என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். அபர்தீன் பஜாரில் தமிழிலேயே விலை கேட்டுச் சாப்பிடலாம். தீவுகளில் ஏடிஎம் குறைவு, நெட்வொர்க்கும் அடிக்கடி போய்விடும். கையிருப்புப் பணத்தை இங்கேயே எடுத்துக்கொண்டு கப்பல் ஏறுங்கள்.