முதல் முறை குறுங்கதைப் போட்டிக்கு நடுவராக உட்காருகிறீர்களா?

எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் போன வருடம் 100 சொல் கதைப் போட்டி வைத்தோம். 63 கதைகள் வந்தன. அதில் ஐந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், நடுவர்கள் என்னோடு சேர்த்து மூன்று பேர். நூறு சொல்தானே, ஒரு மாலையில் முடித்துவிடலாம் என்று எங்களைப் போலவே நீங்களும் நினைப்பீர்கள். ஆனால் எழுதியவர்களில் நிறையப் பேருக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் கதை, அதை ஓரக்கண்ணால் பார்த்துத் தள்ளிவிட மனசு வராது. எங்களுக்கு மூன்று வாரம் பிடித்தது. உங்களுக்கு அது குறையட்டும் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன்.

1. சொல் கணக்கை முதலில் பேசி முடியுங்கள்

தமிழில் இது பெரிய தலைவலி. "அவன் பேசிக் கொண்டே இருந்தான்" என்று எழுதினால் நான்கு சொல். "அவன் பேசிக்கொண்டேயிருந்தான்" என்று சேர்த்து எழுதினால் இரண்டே சொல். கணினி இடைவெளியைத்தான் எண்ணும், அதனால் சேர்த்து எழுதுகிறவருக்குக் கூடுதலாக இடம் கிடைத்துவிடுகிறது. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போ நகரத்து நியூ டைம்ஸ் இதழ் 1987இல் தொடங்கிய 55 சொல் கதைப் போட்டியில், தலைப்பு கணக்கில் வராது, ஆனால் ஏழு சொல்லைத் தாண்டக் கூடாது என்று தெளிவாகவே வைத்திருந்தார்கள். அந்த மாதிரி ஒரு வரி உங்கள் அறிவிப்பிலும் இருக்கட்டும். அறிவிப்பு ஏற்கெனவே போய்விட்டதா? அப்படியானால் ஐந்து சொல் கூடுதல் குறைச்சலை எல்லோருக்கும் ஒரே மாதிரி விட்டுவிடுங்கள். ஒருவருக்கு விட்டு இன்னொருவருக்கு விடாமல் இருப்பதுதான் பிரச்சினை.

2. பெயரை மறைத்து எண் போடுங்கள்

நடுவராக இல்லாத ஒருவர் இதைச் செய்யட்டும். சின்ன ஊரில் கையெழுத்தைப் பார்த்தாலே ஆளைத் தெரிந்துவிடும், அதனால் கையால் எழுதி வந்த கதைகளைத் தட்டச்சு செய்து ஒரே எழுத்துருவில் அச்செடுங்கள். பிழைகளைத் திருத்தாமல், வந்தது வந்தபடி.

3. பேனா இல்லாமல் ஒரு தடவை படியுங்கள்

ஒரு அமர்வுக்குப் பத்துப் பதினைந்து கதை போதும். அதற்கு மேல் போனால் கண்தான் படிக்கும், மனசு படிக்காது. மதிப்பெண், டிக், குறிப்பு எதுவும் வேண்டாம். அப்புறம் தாள்களை மூடிவைத்துவிட்டு மறுநாள் காலையில் ஒரு வெள்ளைத்தாளில், நேற்றுப் படித்ததில் எந்தெந்தக் கதை ஞாபகத்தில் இருக்கிறது என்று எழுதுங்கள். கதை என்றால் முழுக்கதை இல்லை, ஒரு பொருள், ஒரு பேச்சு, ஒரு ஆளின் கைகூட இருக்கலாம். நான் இதைத்தான் முழுமையாக நம்புகிறேன். படிக்கும்போது "அட!" போட வைத்த கதைகளில் பல மறுநாள் நினைவில் இருக்காது, அமைதியாகத் தாண்டிப்போன ஒன்று பல் துலக்கும்போது வந்து நிற்கும்.

இரண்டாம் தடவை கடைசிக் கதையிலிருந்து தொடங்குங்கள். முதலில் படித்தவற்றிடம் நாம் காட்டும் பொறுமை, ஐம்பதாவது கதைக்கு வரும்போது தீர்ந்துபோயிருக்கும்.

4. கடைசி வரியைக் கையால் மறையுங்கள்

தமிழில் ஒரு பக்கக் கதை படித்து வளர்ந்தவர்கள் நாம். கடைசி வரியில் ஒரு திருப்பம் வேண்டும் என்பது ரத்தத்தில் ஊறியிருக்கிறது. பேசிக்கொண்டிருந்தவர் செத்துப்போனவர், எல்லாம் கனவு, காத்திருந்தது மனிதர் இல்லை நாய். எங்களுக்கு வந்ததில் இந்த வகை ஏராளம். திருப்பம் இருப்பது தப்பே இல்லை, ஆனால் அது மட்டுமே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குத்தான் கை. கதை ஒன்றை நானே எழுதிக் காட்டுகிறேன்:

"அப்பா போன பதினேழாம் நாள் அவர் சட்டைப்பையில் சலவைக்கடைச் சீட்டு கிடைத்தது. போனேன். கடைக்காரர் ஏழு சட்டைகளை எடுத்து வைத்தார். ஆறு அப்பாவுடையது. ஏழாவது, சண்டை போட்டு வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று நான் கழற்றிப் போட்ட நீலச்சட்டை. 'இதையும் மாசம் ஒரு தடவை தேய்க்கக் கொண்டாருவாரு தம்பி' என்றார். அப்பாவின் பாசம் எனக்கு அன்றுதான் புரிந்தது."

கடைசி வரியை மறைத்துப் படியுங்கள். ஒன்றும் குறையவில்லை, கூடத்தான் செய்கிறது. இப்படிப்பட்ட கதையை ஒதுக்காதீர்கள்! வாசகருக்குப் புரியுமோ புரியாதோ என்ற பயத்தில் புதிதாக எழுதுகிறவர் சேர்த்த வரி அது, கதை அவர் கையில் ஏற்கெனவே இருக்கிறது. மறைத்ததும் மேலே வெறும் ஏற்பாடு மட்டும்தான் மிஞ்சுகிறது என்றால், அதைக் கீழே வையுங்கள்.

5. பிழையைப் பிரித்துப் பாருங்கள்

ற-ர, ல-ள-ழ குழப்பமும் ஒற்று விட்டுப்போனதும் முதல் சுற்றில் யாரையும் வெளியேற்றக் கூடாது. கடைசியில் இரண்டு கதை சமமாக நின்றால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். வட்டார வழக்கு பிழையே இல்லை. நெல்லைப் பாட்டி "வாரேன்ல" என்று பேசத்தான் செய்வாள், அதை "வருகிறேன்" என்று மாற்றி மனதுக்குள் படித்தால் கதை செத்துவிடும்.

6. சொந்தக் கதைதானா என்று பாருங்கள்

கடைசிப் பத்துக்கு வந்தவற்றில் மட்டும் செய்தால் போதும். சற்று வித்தியாசமான ஒரு வரியை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் கதைகள் ஆள் பெயரும் ஊர் பெயரும் மாறி வரும், அதனால் பெயர் இல்லாத வரியாகத் தேர்ந்தெடுங்கள்.

7. கூடிப் பேசும் நாள்

இங்கேதான் நாங்கள் சறுக்கினோம். ஆளுக்குப் பத்துக்கு மதிப்பெண் போட்டு, கூட்டிச் சராசரி எடுத்தோம். மூவரும் ஏழு போட்ட கதை மேலே வந்தது. பரவாயில்லை என்று மூவரும் சொன்ன, யாருமே ஆசைப்படாத கதை அது. ஒருவர் பத்தும் மற்ற இருவர் ஐந்தும் போட்ட கதை கீழே போய்விட்டது. அதற்குப் பத்துப் போட்டவர் எழுந்து சத்தமாக வாசித்துக் காட்டினார். தாளில் எங்கள் இருவருக்கும் பிடிபடாத ஒரு தயக்கம் அவர் குரலில் கேட்டது, அறை கொஞ்ச நேரம் பேச்சில்லாமல் இருந்தது. சராசரியைத் தூக்கிப் போட்டோம்.

இப்படிச் செய்யுங்கள்: ஆளுக்குப் பத்துக் கதைப் பட்டியலோடு வாருங்கள். மூன்று பட்டியலிலும் இருப்பவை நேராக உள்ளே. மிச்ச இடங்களுக்கு, ஒவ்வொருவரும் தனக்கு விட மனசு வராத ஒரே ஒரு கதையை வாசித்துக் காட்டி வாதாடட்டும். "நல்லா இருக்கு" என்று சொன்னால் போதாது, எந்த வரி என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும்.

8. தேர்வாகாத 58 பேருக்கு

ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுதுங்கள், பொதுவான ஆறுதல் வேண்டாம். "உங்கள் கதையில் பேருந்துச் சன்னலில் ஒட்டியிருந்த மல்லிகை இதழ் நினைவில் இருக்கிறது" என்கிற மாதிரி, அவர் கதையை மட்டும் பற்றியதாக. 63 கதைப் போட்டிக்கு மூன்று பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்குச் சுமார் இருபது வரி. முடிவை அறிவிக்கும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள், அதற்கப்புறம் நேரம் கிடைக்காது.